லுவீனியா ஏறிய பஸ்

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், கறுப்பர்களுக்குப் பின்னிருக்கைதான் என்ற சட்டத்தை எதிர்த்துக் கறுப்பினப் பெண்கள் பஸ்ஸே வேண்டாமென்று நடந்த வருடத்தில் லுவீனியாவும் நடந்தாள். வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை. தூரம் அதிகம்தான். ஆனால் பக்கத்தில் தோழி ஒசெல்லா நடந்துவந்தால் கால்வலி தெரியாது. அவள் வாய் அப்படி.

"நீயுமா இந்தக் கூத்துல?" என்று ஒருநாள் எஜமானி கேட்டாள். மற்ற வேலைக்காரிகளும் இதற்குப் பொய்தான் சொன்னார்கள். பஸ் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். லுவீனியாவோ பயத்தில், "எனக்கு பஸ்ல வர ஆசைதாம்மா. ஏறினா அடிப்போம்னு எங்க ஆளுங்க மிரட்டுறாங்க" என்றுவிட்டாள். தன் சனத்தின் மேலேயே பழி போட்டவள் அவள் ஒருத்திதான்.

நுணலும் தன் வாயால் கெடும். எஜமானி இரக்கப்பட்டுப் போலீசுக்குச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை, நடந்துகொண்டிருந்த பெண்களின் அருகே ஒரு காலி பஸ் வந்து நின்றது. கூடவே மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரன்.

"இதுல லுவீனியா யாரு? பயப்படாம ஏறு. உன்னை மிரட்டினவன் எவன்னு மட்டும் காட்டு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும். பிள்ளைகளுக்குச் சோளரொட்டிகூடக் கிடைக்காது. அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒசெல்லா முன்னால் வந்தாள். "எவன்னு கேக்காதீங்க, எவள்னு கேளுங்க. நான்தான். இவ பல்லி விழுந்தாலே பதறுறவ, இவளை மிரட்டுறது பெரிய வேலையா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரன் சிரிக்கவில்லை. விலங்கு மாட்டி இழுத்தபோது ஒசெல்லா, "ஏறுடி லூ. பிள்ளைங்க இருக்கு" என்று காதோடு சொன்னாள்.

லுவீனியா முன்வாசலில் ஏறிக் காசு போட்டாள். உள்ளே ஈ காக்கை இல்லை. ஆனாலும் கறுப்பர்களுக்கு விதித்திருந்தபடி, கீழே இறங்கி, அத்தனை பேரும் பார்க்கப் பின்வாசலுக்குப் போனாள். இறங்கிய வேகத்தில் அப்படியே நடந்திருக்கலாம். நடக்கவில்லை. மறுபடி ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சிறையிலிருந்து வந்த ஒசெல்லா ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

போராட்டம் ஜெயித்தது. எல்லோரும் முன்னிருக்கையில் உட்கார்ந்து போனார்கள். லுவீனியா மட்டும் நடந்தே போனாள், மழையிலும், வயதான பிறகும். புதிதாக வந்த பாதிரியாருக்கு விவரம் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "இன்னிக்கு வரைக்கும் போராட்டத்தை விடாத காலுங்க இது!" என்று புகழ்ந்தார்.

சபையிலேயே சத்தமாக "ஆமென்" சொன்னது ஒசெல்லாதான். லுவீனியா தலையைத் தூக்கவேயில்லை.