மணம் தெரியாதவன் வடித்த பியர்

கொரோனாக் காய்ச்சல் என்னை விட்டுப் போனபோது மூக்கையும் கொண்டு போய்விட்டது. நாக்கு மட்டும் மிச்சம். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். மீன்குழம்பு வெறும் உப்புப் புளித் தண்ணீர். சில மாதங்களில் திரும்பும் என்றார் டாக்டர். இரண்டு வருடங்கள் போனபிறகு, முகர்ந்து முகர்ந்து பழகச் சொன்னார், சிலருக்குத் திரும்புகிறதாம். அந்தச் சிலர் மீது எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

எனக்குத் திரும்ப வேண்டியது முக்கியமாக ஒரு மணம்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சின்னக் கடையொன்றில் ஒரு ஐ.பி.ஏ பியர் குடிப்பேன். கிழமை முழுக்க மற்றவர்களின் மாடிப்படிகளைக் கழுவுகிறவனுக்கு அது ஒன்றுதான் ஆடம்பரம். கசப்பான பியர். திறந்தவுடன் தோடம்பழத் தோலைக் கிள்ளியதுபோல ஒரு மணம் வரும். காய்ச்சலுக்குப் பிறகு அதில் குளிர்ந்த கசப்பு மட்டும்தான் இருந்தது.

அந்த மணம் ஹொப்ஸ் என்ற பூவிலிருந்து வருகிறது என்று இணையத்தில் படித்தேன். அதே பியரை வீட்டில் அப்படியே வடிக்கும் குறிப்பும் கிடைத்தது. போத்தலில் கிடந்த மணம் எழுப்பாத மூக்கைப் புதுப் பூ எழுப்பாதா? இப்படித்தான் பைத்தியம் பிடித்தது.

அல்பெர்கேரியா என்ற பழைய குடியிருப்புப் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினியில் இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்வோம். மனைவி பெரிய வாளியைப் பார்த்துவிட்டு, "வீட்டைத் தவறணை ஆக்கப் போறீங்களோ?" என்றாள். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தி அடுப்பை ஒதுக்கித் தந்தாள். அவள் குடிப்பதில்லை. ஆனால் பால் கெட்டதா, காஸ் கசிகிறதா என்று என் மூக்கின் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

சுத்தம் முக்கியம் என்று குறிப்பில் இருந்தது. சுத்தத்தைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? படிகளுக்குப் பாவிக்கும் வரெக்கீனாவை, அந்தக் குளோரின் தண்ணீரை, ஊற்றி வாளியைத் தேய்த்து அலசினேன். பார்லியில் எடுத்த மால்ட் பாகோடு கசப்புக்கான ஹொப்ஸைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வாளியில் ஊற்றி ஈஸ்ட் போட்டு மூடினேன். மணத்துக்கான ஹொப்ஸைக் கடைசியில்தான் போடவேண்டும். நுரை அடங்கிய பிறகு அந்த ஹொப்ஸ் பையை வெட்டி மூக்கை உள்ளே விட்டேன். ஒன்றும் இல்லை. "குசினி முழுக்க மணக்குதே," என்றாள் மனைவி. எனக்கு அழுகை வந்தது. பையை வாளிக்குள் கொட்டி மூடினேன்.

போத்தல்களில் அடைத்துக் காத்திருந்த நாட்களில் வெட்கமில்லாமல் திரும்பவும் நம்பினேன். மாதாவிடம் கேட்கலாமா என்று யோசித்து, பியருக்காகவா என்று விட்டுவிட்டேன். பிறகு கேட்டேன்.

ஒரு ஞாயிறு கடைப் பியரையும் என்னுடையதையும் இரண்டு கிளாசில் ஊற்றினேன். ஒரே நிறம், ஒரே நுரை. முகர்ந்தேன், இரண்டிலும் காற்றுத்தான். குடித்தேன், இரண்டும் ஒரே கசப்பு. இனி மூக்கு வராது என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. ஆனாலும் வித்தியாசமே இல்லையே, பியராவது சரியாக வந்துவிட்டதே என்று அதையாவது பிடித்துக்கொண்டேன்.

"நீர் ஒருக்கா மணந்து பாரும்," என்றேன்.

அவள் கடைப் பியரை முதலில் முகர்ந்தாள். முகம் மலர்ந்தது. "ஓம், நீங்கள் முந்தி ஞாயிற்றுக்கிழமையில வீட்டை வரேக்கை இந்த மணம்தான்."

"மற்றது?"

குனிந்தவள் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"இது நீங்கள் வேலையால வரேக்கை மணக்கிற மணம்."

வாளியில் வரெக்கீனா மிச்சம் இருந்திருக்கிறது. மூக்குள்ள எவனும் கண்டுபிடித்து இன்னொரு தரம் அலசியிருப்பான். அதைவிட மற்றதுதான் என்னை அறுத்தது. ஒவ்வொரு நாளும் அந்த மணத்தோடுதான் அவள் பக்கத்தில் படுத்திருக்கிறேன். அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

எல்லாப் போத்தல்களையும் சிங்கில் கவிழ்த்தேன். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி அவளிடம் நீட்டினேன்.

"மணம் போயிட்டுதோ?"

என் உள்ளங்கையைப் பிடித்து முகர்ந்தாள். "ஓம், போயிட்டுது," என்றாள்.

உண்மையா என்று பார்க்க எனக்கு வழியில்லை.