என்னை நிறுத்த ஓர் ஓட்டெடுப்பு

எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் இருபது வருடமாக எங்கள் டீமுக்கு ஓப்பனிங் இறங்குகிறேன். இந்தத் திருவண்ணாமலையில் என் ஆட்டத்தைப் பற்றி ஒரே மாதிரிப் பேசுகிற ரெண்டு பேரைப் பிடித்துக் காட்டுங்கள், பார்ப்போம். "அண்ணன் இல்லன்னா நாம ஒரு கப்பு தூக்கியிருக்க மாட்டோம்" என்பான் ஒருவன். "அந்தாளு தனக்காக ஆடுறாருப்பா" என்பான் அடுத்தவன். ரெண்டும் நிஜம்தான். அடிக்காமல் கட்டை போட்டே ஜெயிக்க வைத்திருக்கிறேன், கட்டை போட்டே தோற்கவும் வைத்திருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை, செங்கம் ரோட்டில் என் ஸ்கூட்டி வாடகைக் கடையில் கண் எரிய உட்கார்ந்திருந்தேன். கிரிவலக் கூட்டம் கலைந்தும் இடுப்பு வலி கலையவில்லை. போனைத் திறந்தால் டீம் குரூப்பில் ஓர் ஓட்டெடுப்பு. 'அண்ணன் ரிட்டயர் ஆகணுமா?' எங்கள் கேப்டன் இதற்கென்றே என்னை விட்டுவிட்டுத் தனிக் குரூப் ஆரம்பித்திருக்கிறான். புண்ணியவான், நான் இருக்கிற பழைய குரூப்பில் போட்டுவிட்டான். ஆகணும் ஆறு, வேணாம் ஐந்து.

யார் எதற்குப் போட்டார்கள் என்று பெயரோடு தெரிந்தது. வாராவாரம் என்னோடு மல்லுக்கு நிற்கிற கீப்பர் 'வேணாம்'. 'ஆகணும்' பக்கத்தில் முதல் பெயர் என் ஜோடி, இருபது வருடமாக எனக்கு எதிர்முனையில் நிற்கிற வேன் டிரைவர்.

அதற்குள் கேப்டன் போன் செய்தான். "அண்ணா, தெரியாம போட்டுட்டேங்கண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க."

"இருக்கட்டும், அழிக்காத."

"ஞாயித்துக்கிழம மேட்ச்சுக்கு லிஸ்ட் குடுக்கணுங்கண்ணா. உங்க பேர போடட்டுமா?"

சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த மேட்ச் கீழ்பென்னாத்தூரில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிய கொல்லையைச் சமன்படுத்தி நடத்துவது. வருடத்தில் அது ஒன்றுக்காகத்தான் நான் காத்திருப்பேன்.

பத்து மணிக்கு கிரிவலம் முடித்த வெளியூர் ஆட்களை வேனில் ஏற்ற வந்த என் ஜோடி, கடை முன்னால் நிறுத்தினான். அவன் இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"ஏன்டா, எவன் போட்டாலும் பரவால்ல. நீ போடலாமா? ரெண்டு வருஷமா ரன் அவுட் ஆவுறது நீ. ரிட்டயர் ஆவுறது நானா?"

அந்த ரன் அவுட்டுகளுக்காக அவனை மைதானத்திலேயே நான் பேசாத பேச்சில்லை. குருடா, கும்பகர்ணா என்று எல்லாம் சொல்லியாயிற்று. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போவான்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "ரெண்டாவது ரன்னுக்கு நீ திரும்புறப்போ மூச்சு வாங்குது மச்சான். வெளிய நிக்கறவனுக்குத் தெரியாது. எனக்குத்தான் கேக்குது. நீ தேற மாட்டன்னு தெரிஞ்சா, பந்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் உனக்குப் பதிலா நானே ஓடி அவுட்டாயிடுவேன்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் அவுட்டாகக் கூடாது என்று அவன் அவுட்டாகியிருக்கிறான். ஒருமுறை அல்ல, ரெண்டு வருடமாக.

"அத்தன பேர் முன்னாடி திட்டுனேனேடா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நிறுத்திடுவ. அப்புறம் நான் யாரோட இறங்கறது?"

"அப்ப இப்ப மட்டும் ஏன் 'ஆகணும்'னு போட்ட?"

வலது முட்டியைத் தடவினான். பேன்ட்டுக்கு அடியில் பட்டை போட்டிருந்தது புடைப்பாகத் தெரிந்தது.

"என்னாலயும் ஓட முடியலடா. இனிமே உனக்காக அவுட்டாகக் கூட நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. போனை எடுத்து, 'ஆகணும்' என்பதில் என் ஓட்டைப் போட்டேன். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.