ஏற்றத்தில் முதுகில் பட்ட கை

பேய் பிசாசு என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். கோயிலில் உரு ஆடுகிறவர்களைக் கண்டால்கூட, இவர்களுக்குக் கால் நோகாதோ என்றுதான் யோசிப்பேன். ஆனபடியால் இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. சிரிக்கிறதென்றால் சிரியுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், சோடித்துச் சொல்லத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஊரை விட்டு வெளிநாடு வந்து நோபல் பார்க்கில் இருந்தோம். டண்டினொங்கில் மெத்தை தைக்கிற பக்டரி ஒன்றில் எனக்கு வேலை, பக்கத்து மெஷினில் தியாகு. மெலிந்த ஆள். வலது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும், சின்ன வயதில் தண்ணி இறைக்கிற மெஷினின் பட்டிக்குள் போய்விட்டது. அந்தப் பாதி விரலை வைத்துக்கொண்டே எங்கள் எல்லாரையும்விட வேகமாக ஊசியில் நூல் கோப்பான். எட்டு வருடம் அவனோடு ஒரே வாங்கில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன்.

தியாகுவின் தமையன் இங்கிலாந்திலிருந்து ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார். அந்த நாட்டு மலைப்பக்கத்துக் கிராமங்களைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கிற பாதைகள் பற்றியது. எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எந்தத் தோட்ட வீட்டில் இரவு படுக்க இடம் தருவார்கள் என்று எல்லாம் படம் போட்டு எழுதியிருக்கும். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. சாப்பாட்டு நேரத்தில் அவன்தான் வாசித்துச் சொல்லுவான். கல் மதில்கள், செம்மறி ஆடுகள், ஒரே ஆற்றுக்கு ஏழு பாலம். கேட்டுக் கேட்டு அந்த வழி எனக்கே பாடமாகிவிட்டது.

"மச்சான், ஆறே ஆறு நாள். நீயும் நானும். லீவை இப்பவே எழுதிக் குடு."

"ஓம்" என்றேன். அந்த ஓமை நான் யோசிக்காமல் சொன்னேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்துச் சனம், சைக்கிளில் பிறந்து சைக்கிளில் வளர்ந்த ஆட்கள் என்று ஒரு நினைப்பு. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் வாய்க்கால் மதகுதான். சனிக்கிழமைகளில் பழகுவோம் என்று டண்டினொங் மலைப்பக்கம் வெளிக்கிட்டோம். முதல் நாளே பெரிய கியரைப் போட்டுக்கொண்டு முக்கி, பாதி வழியில் இறங்கி உருட்டினோம். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார மனுசி எங்களுக்குக் கை காட்டிவிட்டு முந்திப் போனா.

ஊரில் சோளகக் காற்றுக்கு எதிராக ஓடும்போது, களைத்தவனுடைய முதுகில் பக்கத்தில் வருகிறவன் உள்ளங்கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வருவான், தெரியும்தானே. யாரும் கேட்கிறதில்லை, கை தானாக வரும். மலையில் தியாகு எனக்கு அதைச் செய்தான். நான் அவனைவிட இரண்டு மடங்கு பாரம், என்றாலும் செய்தான். இன்னொரு பழக்கமும் எங்களுக்குள் இருந்தது. பெல் ஒருதரம் அடித்தால் வாறன் என்று அர்த்தம். இரண்டு தரம் அடித்தால் நில்.

போகப் போக என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்படியிருக்க டண்டினொங்கில் ஒரு மண்டபத்தில், தெரிந்த பிள்ளை ஒன்று பெரியவளானதுக்குச் சாமத்திய வீடு நடந்தது. அங்கே ஒருத்தர் கேட்டார்: "என்ன அண்ணை, இங்கிலாந்துக்குச் சைக்கிள் ஓடப் போறியளாம்?"

"ஆர் போறது? அவனுக்கு விசர். ஈர்க்குமாதிரி இருந்துகொண்டு மலை ஏறப் போறாராம். பாவம் எண்டுதான் நான் சும்மா ஓம் எண்டனான்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். திரும்பினால் தியாகு பின்னால் நிற்கிறான், கையில் இரண்டு தட்டு. ஒன்று எனக்குக் கொண்டுவந்தது.

"றோல்ஸ் ஆறிப்போகும், சாப்பிடுங்கோ" என்றான்.

எட்டு வருடத்தில் அன்றைக்குத்தான் என்னை மரியாதை போட்டுப் பேசினான். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்கப் பக்டரியில் ஒரு சொல் இல்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் மூத்தவன், அவன்தான் வந்து கதைக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

நம்பினால் நம்புங்கள், அந்தச் சனிக்கிழமையும் விடிய எங்கள் வாசல் கேற்றடியில் ஒரு பெல் கேட்டது. எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தால் பேச்சைத்தான் நிறுத்துவார்கள், போக்குவரத்தை நிறுத்த மாட்டார்கள். நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அவ்வளவு தூரமும் இரண்டு பேரும் ஊமைகள்.

குளிர்காலம், மலையில் பனிப்புகார் மூடியிருந்தது. அடிவாரத்தில் நான் முன்னுக்கு, அவன் பின்னுக்கு. முதல் வளைவில் 'கடக்' என்று சத்தம். செயின் கழன்ற சத்தம், எனக்குத் தெரியும். பிறகு பெல் இரண்டு தரம் அடித்தது. நான் நிற்கவில்லை. வாயைத் திறந்து கூப்பிடட்டும் என்று மிதித்தேன். கொஞ்ச நேரத்தால் திரும்பவும் இரண்டு தரம், முதலைவிட மெதுவாக. அதுவும் காதில் விழுந்தது. மிதித்தேன்.

இரண்டு வளைவு தாண்டினால் அந்தப் பாதையிலேயே மோசமான ஏற்றம். ஒரு நாளும் நான் அதை இறங்காமல் ஏறியதில்லை. அன்றைக்கும் மூச்சு முட்டி, இதோ இறங்கப் போகிறேன் என்கிற நேரம் முதுகில் கை பட்டது. அந்தக் குளிரிலும் சூடு. சைக்கிள் லேசாகிவிட்டதுபோல இருந்தது. செயினைக் கொழுவிக்கொண்டு ஓடி வந்துவிட்டான், கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பின்னால் டயர்ச் சத்தம் இல்லையே என்று அப்போது எனக்குப் புத்தியில் ஓடவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கண் கலங்கியிருந்தது, அதை அவன் காணக்கூடாது என்றுதான். மேலே போய்ச் சேர்ந்ததும், 'மச்சான், நான் வாறன், இங்கிலாந்துக்குப் போவம்' என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே ஏறினேன்.

உச்சியில் கை விட்டது. சிரித்துக்கொண்டு திரும்பினேன். பனிப்புகார் மட்டும்தான் நின்றது.

விளையாடுகிறான் என்று நினைத்து, பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினேன். என்னுடையதைக் குடித்து முடித்தேன். அவனுடையது ஆறிப்போய்விட்டது. பிறகுதான் கீழே இறங்கினேன்.

முதல் வளைவில் அவனுடைய சைக்கிள் தலைகீழாக நின்றது, செயின் பாதி கொழுவியபடி. பக்கத்தில் தியாகு மரத்தில் சாய்ந்திருந்தான். இரண்டு கையும் செயின் எண்ணெயில் கறுப்பு. நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்கார மனுசி அவன் பக்கத்தில் முழங்காலில் இருந்தா. தான் வந்து கனநேரம், அப்போதே மூச்சு இல்லை, புருசன் அம்புலன்ஸுக்குப் போன் பண்ண வீட்டுக்கு ஓடியிருக்கிறார் என்று சொன்னா. நெஞ்சடைப்பு. நான் அந்த பெல்லுக்கு நின்றிருந்தால் தப்பியிருப்பானா என்று அம்புலன்ஸில் வந்தவரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் என் தோளில் தட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்தேன். என் மனுசி பின்னால் வந்து நின்றா.

"இஞ்சாருங்கோ, முதுகில என்ன கறுப்பு? ஆர் கை வைச்சது?"

போட்டிருந்த சேட்டைக் கழற்றி மேசையில் விரித்தோம். செயின் எண்ணெய். விரல் அடையாளங்கள், அதில் மோதிர விரல் பாதிதான். அன்றைக்குக் காலையில் அவன் என்னைத் தொடவே இல்லை. அவனுடைய கை கறுத்தது நான் விட்டுவிட்டுப் போன பிறகு.

ஒரு மாதத்தால் தியாகுவின் மனுசி ஒரு கடிதத்தோடு வந்தா. இங்கிலாந்தில் அந்தத் தோட்ட வீட்டிலிருந்து வந்தது. கேட்டபடி இரண்டு பேருக்கும் இரண்டு கட்டில் வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்ததாம். "அந்தச் சனிக்கு முதல் நாள்தான், அண்ணை, இவர் எழுதிப் போட்டவர்" என்று சொல்லி அழுதா. நான் சபையில் அவனைச் சிரிப்பாக்கி ஒரு வாரம் ஆகுமுன், எனக்கும் சேர்த்து எழுதியிருக்கிறான்.

அந்தச் சேட்டை நான் தோய்க்கவில்லை. அவன் கடைசியாக எனக்குச் செய்த உதவி, கோபத்தோடும் என்னைத் தள்ளி ஏற்றினான் என்று நினைத்து அலுமாரியில் வைத்திருந்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. போன வருடம் கண்ணில் புரை எடுத்தார்கள். பார்வை தெளிந்த பிறகு ஒருநாள் அதை யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன்.

தள்ளுகிறவன் உள்ளங்கையைத்தான் வைப்பான். அதில் உள்ளங்கை இல்லை. நாலு விரல் நுனி, மோதிர விரலின் பொட்டு மட்டும் கொஞ்சம் கீழே, எதிர்ப் பக்கத்தில் பெருவிரல். நடுவில் துணி மடிந்து சுருங்கிய கோடுகள், கொத்தாக எட்டிப் பிடித்ததுபோல.

மெத்தைத் துணியோடு இருபது வருடம் மாரடித்தவன் நான். இழுத்த துணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.