சட்டைகளிடம் நலம் விசாரிக்கும் அக்கா

“உனக்கு எங்கடா வலிக்குது?” என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேள்வி என்னிடம் இல்லை. மேசைமேல் மல்லாந்து கிடக்கும் ஒரு முழுக்கைச் சட்டையிடம். அக்குளைப் புரட்டுகிறாள், தையலை விரலால் நெருடுகிறாள், காலரை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறாள். “அக்குள்ல மட்டும்தானா? அப்ப பயப்படாத. இன்னும் மூணு வருஷம் ஓடுவ.” கூடப் பிறந்த என்னை அவள் கடைசியாக எங்கே வலிக்கிறது என்று கேட்டது, நான் மாடிப்படியில் உருண்ட அன்று. அதுவும் “சட்டை கிழிஞ்சுதாடி?” என்று கேட்டு முடித்த பிறகு.

எங்கள் வீட்டு முன்னறைதான் அவள் கடை. இரண்டு கம்பிகள். ஜன்னல் கம்பியில் தொங்குபவை வைத்தியத்துக்கு வந்தவை. சொந்தக்காரர் வந்து வாங்கிப் போவார். சுவர்க் கம்பியில் தொங்குபவை, வேண்டாம் என்று கைகழுவப்பட்டவை. அவற்றை வெட்டிப் பையாக, உறையாக, குழந்தைச் சட்டையாக மாற்றுவாள். மிஞ்சும் துண்டுகள் சைக்கிள் கடைக்கு எண்ணெய் துடைக்கப் போகும். அதிலும் மிஞ்சிய நறுக்குகள் தலையணைக்குள் போகும். “நம்ம தெருத் துணி நம்ம தெருவுக்குள்ளயே சுத்தணும்” என்பாள். சுற்றத்தான் செய்கிறது. என் பழைய பள்ளிச் சீருடை இன்று மூலைவீட்டுக் கிளிக்கூண்டுக்கு மூடி. பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியும் தேறாத என்னைவிட அது உருப்பட்டுவிட்டது.

வாசலில் ‘அவசரக்காரர்கள் உள்ளே வர வேண்டாம்’ என்று ஒரு பலகை. அதையும் மீறி வருபவர்களுக்கு விசாரணை உண்டு. போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் பை கேட்டு வந்தாள்.

“வீட்ல எத்தன பை வச்சிருக்க?”

“ஏழெட்டு இருக்கும்க்கா.”

“அதுல அறுந்தத எடுத்துட்டு வா. போ.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் போனதும் கேட்டேன், “வர்றவங்கள எல்லாம் இப்படி விரட்டுனா கடை எப்படி ஓடும்?”

“எதுக்குடி ஓடணும்? நடந்தா போதும்.”

இதற்கு முன் அவள் ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் தையல் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். நூலளவு கோணினாலும் ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருநாள் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். இயந்திரம் புத்தம்புதுச் சட்டைகளைக் கந்தலாக்கித் துப்பிக்கொண்டிருந்ததாம். மறுநாள் போகவில்லை. அவள் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் அவ்வப்போது ஃபோனில் நினைவூட்டுவார்.

இந்தத் தொழிலில் என் பங்கு குரல் கொடுப்பது. அக்கா “எங்க வலிக்குது?” என்று கேட்கும்போது, சுவர்க் கம்பித் துணிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கரகரத்த குரலில் “இடுப்புலக்கா...” என்பேன். முதல்முறை அலறினாள். இரண்டாம் முறை அளவு நாடா பறந்து வந்தது. அப்புறம் பழகிவிட்டது. “இந்த உடம்புக்கு எது இடுப்புன்னு மொதல்ல காட்டு, வைத்தியம் பாக்கறேன்” என்று திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். அதுதான் என்னைக் கெடுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சுவர்க் கம்பி ஏறக்குறைய காலியாக இருந்தது. என்னைப் போன்ற பருமனான கலைஞர் ஒளிய இடம் போதாது. ஜன்னல் கம்பியிலிருந்து நான்கு சட்டைகளை எடுத்து இங்கே மாட்டி, பின்னால் நின்று குரல் கொடுத்தேன். பிரமாதமாக அமைந்தது. அக்கா துடைப்பத்தோடு தெருமுனை வரை துரத்தினாள். சிரித்த சிரிப்பில் சட்டைகளைத் திரும்ப மாட்ட மறந்துபோனேன்.

இரண்டு வாரம் கழித்து, தண்ணீர் மீட்டர் படிப்பவர் நொண்டிக்கொண்டே வந்தார். “உங்க அம்மாகிட்ட ஒரு சட்ட குடுத்திருந்தேன்மா. பாக்கெட் மாத்த. மஞ்சளும் பழுப்புமா கட்டம் போட்டிருக்கும்.”

அக்காவின் முகம் வெளுத்தது. அதை வாங்கி ஜன்னல் கம்பியில் மாட்டியது அம்மா. அது யாருடையது என்று அக்காவுக்குத் தெரியாது. சுவர்க் கம்பியில் பார்த்தாள், வெட்டிவிட்டாள்.

“அண்ணே... அத நான் வெட்டிட்டேன்.”

“வெட்டிட்டியா?” அவர் கோபப்படவில்லை, அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். “அது பாக்க சகிக்காதுதான். என் பொண்டாட்டியே பக்கத்துல நடக்க மாட்டா. ஆனா பதினோரு வருஷமா இந்த ஊர் நாய்ங்க அந்தச் சட்டையத்தான்மா உள்ள விடுது, என்ன இல்ல.” பேண்ட்டைச் சற்றே உயர்த்தினார். கணுக்காலில் கட்டு. “புதுச் சட்டையில போனேன். ஒரே வாரத்துல ரெண்டு கடி.”

வேறு நாளாக இருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பேன். என் கண் சுவர்க் கம்பிக்குப் போனது.

“திங்கக்கிழம வாங்கண்ணே, ஏதாவது வழி பண்றேன்” என்று அவரை அனுப்பிவிட்டு, அக்கா வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினாள். ஃபோனை எடுத்தாள். “சார், அந்த நாற்காலி... ஆமா. அங்க பாத்தா மட்டும் போதும்ல? கத்திரிக்கோல் தொட வேணாம்ல?” மேலாளரிடம் கேட்டுவிட்டுச் சாயங்காலம் கூப்பிடுவதாக அந்தப் பக்கம் சொன்னார்கள். அக்கா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், யாரோ மறந்துவிட்டுப் போன சாமான்கள்போல.

நான் வாழ்நாளில் சொன்ன பொய்களை வரிசையில் நிறுத்தினால் தெரு போதாது. ஒன்றுகூட நாக்கில் சிக்கியதில்லை. இந்த உண்மை சிக்கியது.

“அக்கா, நான்தான்.”

“என்ன நான்தான்?”

“ஒளிய எடம் பத்தல. அதான் இந்தக் கம்பியில இருந்து நாலு சட்டைய அங்க மாத்துனேன். திருப்பி மாட்ட மறந்துட்டேன்.”

முதுகை வாகாகக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை.

“மீதி மூணு எங்க?”

காட்டினேன். நல்லவேளை, முழுசாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டினாள்.

“இன்னைக்குத்தான் சொல்லத் தோணுச்சா?”

“நீ போயிடுவன்னதும் தோணுச்சு.”

“செருப்ப மாட்டு” என்றாள்.

தெருவைச் சுற்றினோம். சட்டையின் இரண்டு கைகளும் பேக்கரி அம்மாவிடம், சூடான தட்டுப் பிடிக்கும் உறைகளாக இருந்தன. “இப்பத்தான் கைக்குப் பழகுச்சு” என்று முனகிக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். ஒன்றில் கருகிய வட்டம். முதுகு, சைக்கிள் கடைக்காரரின் ஸ்டூல் உறை. “உங்களுக்காக எந்திரிக்கிறேன், பாத்துக்கோங்க” என்று எழுந்தார். காலர் அவரிடமே எண்ணெய்த் துணியாகிக் கரைந்துபோயிருந்தது. முன்பக்கம் ஒரு சிறுமியின் புத்தகப் பை. “தர மாட்டேன்” என்று அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மூன்று வருடம் இந்தத் தெருவையே அலறவைத்த என் ரப்பர் பல்லியைக் கொடுத்துத்தான் வாங்க முடிந்தது. அவள் போன திசையில் உடனே ஒரு அலறல் கேட்டது. அவள் கையில் திறமை இருக்கிறது.

வீட்டுக்கு வந்து துண்டுகளை மேசையில் பரப்பினோம். வரைபடத்தைக் கிழித்துப் போட்டதுபோல் இருந்தது. அக்கா வாய் நிறைய குண்டூசியோடு முதுகையும் முன்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தாள். நான் உறைகளைப் பிரித்துச் சட்டைக்கைகளாக்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஃபோன் அடித்தது. திரையில் கம்பெனியின் பெயர். நான் பிரிப்பதை நிறுத்திவிட்டேன். அக்கா நிமிரவில்லை. அடித்துக்கொண்டிருந்த ஃபோனை எடுத்து நறுக்குத் துணி இருந்த இழுப்பறையில் போட்டாள். முழங்காலால் அதை மூடினாள். பிறகு, கருகிய சட்டைக்கையைக் கொடு என்பதுபோல் என் பக்கம் உள்ளங்கையை விரித்தாள்.