ஓடையில் வாய் திறந்த பிராணி

பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியை விழுங்கியது, இருபது கோடி வருடங்களுக்கும் முன்னால் பூண்டோடு அழிந்துபோன ஒரு பிராணி என்று நான் நம்பினேன். அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.

எல்லாம் எங்கள் கம்பெனிக்கு வந்த ஒரு ஆர்டரால் வந்தது. திருப்பூர் இரவு பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த, இரண்டாயிரத்துக்கு அப்புறமான வருடங்கள். சிறுவர் டி-ஷர்ட்டில் நெஞ்சு முழுக்க, அழிந்துபோன மிருகங்களை அச்சடித்துத் தரச் சொல்லியிருந்தான் வெளிநாட்டுக்காரன். நான் ஸ்கிரீன் பிரிண்டிங் பார்ப்பவன். என் தலையில் விழுந்தது தவளைக்குப் பெரியப்பன் மாதிரி ஒன்று. முதலை நீளம். பலகை போலத் தட்டையான தலை, அதன் உச்சியில் கண்கள், உடம்புக்குப் பொருந்தாத சூம்பிய கால்கள். சட்டையில் தொங்கவிடும் அட்டையில் அதன் சரித்திரம் வேறு. ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, வாயைப் பிளந்து கேட்டேன்.

"இது தொரத்தாதுங்கண்ணா. அடியில சேத்தோட சேறாப் படுத்துக் கெடக்கும். ஏதாச்சும் கிட்ட வந்துச்சுன்னா தலையை மேல தூக்கி வாயைத் தொறக்கும். தண்ணியோட சேந்து உள்ள போயிரும். கீழ்ப்பல்லு ரெண்டு மேல்தாடையையும் தாண்டி, மூக்குக்கு முன்னாடி நீட்டிட்டு நிக்கும்."

"நானும் அப்படித்தான் கண்ணு வாயத் தொறந்துட்டுப் படுத்துக் கெடக்கறேன். ஒண்ணும் வந்து விழுக மாட்டீங்குதே."

"உங்களுக்கு அந்தப் பல்லு இல்லீங்கண்ணா."

துணிக்குச் சொன்ன நிறம் சேற்றுப் பழுப்பு. முதல் தடவை சாயம் திட்டுத் திட்டாக ஏறிவிட்டது. சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்பினோம். வேறு துணியில் அதே சாயத்தைப் புதிதாகப் போட ஆரம்பித்தார்கள். கெட்டுப்போன துணி எங்கே போனது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், பக்கத்து வீட்டு அக்கா கையில் தொரட்டியோடு வாசலில் நிற்கிறார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கறவை மாடு. அந்தப் பாலை ஊற்றித்தான் குடும்பம். கன்று முட்டாமல் அந்த மாடு ஒரு சொட்டு இறக்காது.

"ஏனுங் தம்பி, கன்னுக்குட்டியக் காணமுங்க. கயித்த அத்துட்டுப் போயிருச்சு. மாடு கத்திக் கத்தியே செத்துருமாட்ட இருக்குது."

குளம்புத் தடம், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அதே சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடைப் பக்கம் போனது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டே போனோம். தண்ணீர் விளிம்பில் தடம் நின்றுவிட்டது. திரும்பி வந்த தடம் இல்லை.

அப்போது அது தலையைத் தூக்கியது. பழுப்பில் கறுப்புத் திட்டுகளோடு ஓர் ஈர முதுகு. முன்னால் ஒரு வாய். திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

நான் கத்தியது எந்த மொழி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது. பக்கத்திலிருந்த மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஏறப் பார்த்தேன். "அக்கா, வந்துருங்க! அது தொரத்தாது, ஆனா முழுங்கீரும்!" என்று அந்த நிலையிலும் விளக்கம் கொடுத்தேன்.

அக்கா அட்டையைப் படித்ததில்லை. ஆகவே பயப்படவும் இல்லை. தொரட்டியை அதன் வாயில் மாட்டி இழுத்தார். புஸ்ஸென்று காற்று போனது. கரைக்கு வந்தது துணி. மிஷினிலிருந்து குழாயாகவே இறங்கும் நம் ஊர்ப் பின்னல் துணி. நனைந்தால் உள்ளே காற்று மாட்டி உப்பிக்கொள்ளும். பட்டறையின் சாயக்கழிவுக் குழாய் தண்ணீரைத் தள்ளத் தள்ள, அதன் நுனி திறந்து மூடியிருக்கிறது. பிழைப்பே துணியைத் தடவிப் பார்ப்பதுதான் எனக்கு. ஓரத்தில் ரோல் நம்பர், மார்க்கர் பேனாவில், என் கையெழுத்தில். நாங்கள் திருப்பி அனுப்பிய அதே துணி.

"இதுங்களா தம்பி முழுங்கறது?"

சிரித்து மழுப்பலாம் என்று கம்பத்தை விட்டு இறங்கினேன். அதற்குள் துணி விலகிய இடத்தில், குழாய்க்கு நேர் கீழே, அவருக்குக் கன்றின் காது தெரிந்துவிட்டது.

உயிர் இருந்தது. இருவருமாக இழுத்துக் கரையில் போட்டோம். வாயெல்லாம் நுரை. நாக்கு எங்கள் ஆர்டரின் சேற்றுப் பழுப்பு. ஷேடு அவ்வளவு கச்சிதம். வெளிநாட்டுக்காரன் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே அப்ரூவல் கொடுத்திருப்பான்.

சத்தம் கேட்டுப் பட்டறை மேனேஜர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, மாடு கன்னக் கட்டி வெக்க மாட்டீங்களா? இது குடிக்கற தண்ணியா?"

"குடிக்கற தண்ணி ஓடுன எடத்துல எதுக்குங்க இத உட்டீங்க?" என்றார் அக்கா.

"எல்லாப் பட்டறையும் உடறதுதானுங்க." தலை உள்ளே போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சுவரை இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை, ஒற்றைச் செருப்போடு நின்று, வாயில் வந்ததையெல்லாம் சுவரிடம் திட்டினேன். திட்டத் திட்ட என் மேலேயே திரும்பியது. அந்தப் பிராணி தவளை வகை, ஈரத்தோல். இந்தத் தண்ணீரில் இறக்கிவிட்டால் தோல் உரிந்து செத்திருக்கும். இந்த ஓடையில் தவளை கத்திக் கேட்டு எத்தனை மழைக்காலம் ஆயிற்று? தவளைக்கே வழியில்லாத இடத்தில் தவளையின் பெரியப்பன் குடியிருப்பான் என்று நம்பிய தலையை எதைக்கொண்டு அடிப்பது? தினமும் காலையில் இந்த ஓடையைப் பார்த்து, "இன்னைக்கு நேவி ஓடுது, நேத்து மெரூன்" என்று யார் ஆர்டர் ஓடுகிறதென்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனவன் நான். படத்தில் பல்லைப் பார்த்ததற்குக் கம்பம் ஏறப் போனேன். சத்தமில்லாமல், நகராமல், வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் அந்த சிமெண்ட் குழாயைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு நாளும் பயந்ததில்லை.

அக்கா கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு புடவை முந்தானையால் நாக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாயம் போகவில்லை. மாடு கத்துவது ஓடை வரை கேட்டது.

கன்று தாகத்துக்கு அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் செத்துப்போனது.