விற்றவர் யார் என்று கேட்ட நீதிபதி

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் வேலை செய்கிறேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இணையதளம் ஒன்றில் இஸ்திரிப் பெட்டி வாங்கினேன். முதல் நாளே வயர் தீப்பற்றியது. சட்டென்று சுவிட்சை அணைத்ததால் தப்பினேன்.

அந்த இணையதள நிறுவனத்துக்குப் போன் செய்து புகார் சொன்னபோது, "வித்தது வேற ஆளு, நாங்க பொறுப்பில்லை" என்றார்கள். விற்றவரின் முகவரியையும் தரவில்லை.

உடன் வேலை செய்யும் மும்தாஜ், "பயந்துகினு இருந்தா இன்னாக்கா ஆவும்? திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடு. வக்கீலே வேணாம்" என்றாள்.

அவள் சொன்னபடியே வழக்குப் போட்டேன். விசாரணையில் வயர் கருகிய பெட்டியைக் காட்டினேன். நிறுவனத்தின் வக்கீல் அதே பதிலைச் சொன்னார்.

"கடை உங்களுது. உள்ள விக்கிறது யாருன்னு தெரியாதா? நீங்களும்தான் பொறுப்பு" என்றார் நீதிபதி.

எனக்காக அவ்வளவு பெரிய நிறுவனத்தையே கேள்வி கேட்கிறாரே என்று வியந்தேன். அந்த நிறுவனம் எனக்கு நஷ்டஈடு தரும்படி தீர்ப்பானது.

இப்போதெல்லாம் இணையத்தில் விலையைப் பார்க்கும் முன் விற்பவரின் பெயரையும் முகவரியையும் தேடுகிறேன். அவை இல்லாவிட்டால் வாங்குவதில்லை.