கம்பளியை இழுத்தவள்

காய்ச்சல் என்றால் எனக்கு முதலில் வருவது கோபம்தான், பயமெல்லாம் அப்புறம். என் மூத்த மகனுக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல் கொடுத்த கோபம் அது. இன்னும் ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசி. பழங்காநத்தத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. சித்திரை மாதத்து மத்தியானம், மேலே ஓட்டுக்கூரை. பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. அலங்காநல்லூரிலிருந்து வந்திருந்த நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, அவனைக் கம்பளியில் சுருட்டி, ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் கந்தலையும் திணித்துவிட்டார்.

"காத்துப் பட்டா ஜன்னி கண்டுரும். வேர்த்தாத்தான் காய்ச்சல் விடும்" என்றார்.

பிள்ளைக்கு வேர்க்கவில்லை. உதடு வெடித்துப்போய், முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

முந்தைய காய்ச்சலின்போதே காளவாசல் டாக்டரம்மா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். மூடாதே, காற்று படட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடை, மருந்து கொடு, தண்ணீர் குடிக்கக் கொடு. நான் கம்பளியை இழுத்தேன். நாத்தனார் மறுமுனையை இழுத்தார். அவர் கையில் என் நகம் பதியப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். செம்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவனுக்கு வெட்டி இழுத்தது. கைகால் உதறி, கண் மேலே செருகிக்கொண்டது.

"பாருடா தம்பி, ஈரத்துணிய வச்சுப் பிள்ளையக் கொல்றா."

மில்லில் ஷிப்டு முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விட்ட அறையில் என் தலை கதவு நிலையில் மோதிப் புருவம் கிழிந்தது. என் முடியைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, பிள்ளையின் கிட்டிய பல்லுக்கு நடுவே கரண்டிக் காம்பைத் திணித்தார். நாக்கைக் கடித்துக்கொள்வானாம். ஈறு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். மல்லாந்து கிடந்தவனின் தொண்டைக்குள் அது இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"கரண்டிய எடுங்க" என்றேன். எடுக்கவில்லை. செம்பைத் தூக்கி அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். மறுபடியும் அடித்தேன். எலும்பு முறிந்தது தெரிந்தது. கரண்டி விழுந்தது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, செம்பை ஓங்கியபடியே பக்கத்தில் உட்கார்ந்தேன். கிட்டே வந்தால் மண்டையைப் பிளந்திருப்பேன், அக்காவோ தம்பியோ. இருவரும் வரவில்லை. ரத்தம் வாயோரமாக வழிந்தது. இழுப்பு நின்று பிள்ளை அழுதான். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

ரிக்‌ஷா பிடித்துக் காளவாசலுக்கு ஓடினோம். "துணியால வரல, காய்ச்சலால வந்த வலிப்பு. அந்த நேரத்துல வாயில எதையும் திணிக்கக் கூடாது" என்று டாக்டரம்மா சொன்னபோது, என் வீட்டுக்காரர் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

சில வருஷம் கழித்து அவருக்கே மலேரியா வந்தது. நடுக்கம் இருந்தவரை போர்த்திக்கொள்ளட்டும் என்று விட்டேன். குளிர் விட்டு உடம்பு கொதித்தபோதும் கம்பளியை விடமாட்டேன் என்றார். ஒரே இழுப்பில் உருவினேன். ஈரத்துணியோடு நான் குனிந்ததும், மனிதர் சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அடிச்சிராத" என்றார், காய்ச்சல் மயக்கத்தில்.

எனக்குப் பாவமாக இல்லை. "கைய எடுங்க, துடைக்கணும்" என்றேன். எடுத்தார். கோணலாகக் கூடியிருந்த அந்த மணிக்கட்டிலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.